கும்பிடுபூச்சியின் பார்ப்புகள்

நம் நாட்டுச் சிற்றுயிர்களுள் தன் நிலையாலேயே பெயர் பெற்றது கும்பிடுபூச்சி. வேலியோரத்துச் செடியிலும் தோட்டத்துப் புதரிலும் அது வாழும். பச்சிலையினிடையே பச்சிலை போன்றும், உலர்ந்த சருகினிடையே சருகு போன்றும் தோன்றுதலின், அருகே நின்றாரும் அதனை எளிதிற் காணார். கண்டவரோ, முன்னங்கால்கள் இரண்டையும் மடக்கி மார்போடு சேர்த்துத் தலை நிமிர்ந்து அசைவற்று நிற்கும் அதன் கோலத்தைக் கண்டு வியப்பர். இறைவன் திருமுன் கைகூப்பி நிற்கும் அடியவரின் நினைவு அவர்க்கு வரும். அதனாலேயே தமிழ் மக்கள் அதற்குக் கும்பிடுபூச்சி என்று பெயரிட்டனர். தயிர்க்கடைப்பூச்சி என்றும் பெருமாள்பூச்சி என்றும் வழங்குவாரும் உளர்.

இவ்வெண்ணம் தமிழர்க்கே உரியதன்று. பண்டைக் கிரேக்கர் இதனை 'மாண்டிஸ்' என்றனர். வருவதுரைப்போன் என்பது அச்சொல்லின் பொருள். பிரான்சு நாட்டின் தென்பகுதியாகிய புரோவென்சு நாட்டு உழவர், கடவுளை வேண்டுவது என்னும் பொருள்பட 'பிரேகோ தியேவ்' என்றனர். உயிர்களுக்கெல்லாம் முறையாகப் பெயர் வகுத்த லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர், 1758-ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கும்பிடுபூச்சிக்குச் சமயப் பற்றுடையது என்னும் பொருளில் இலத்தீன் மொழியிற் பெயர் சூட்டினார். மொழி வேறு, நாடு வேறு, சமயம் வேறு. எனினும் மடக்கிய இரு கைகளைக் கண்டபோது எல்லாரும் ஒன்றையே எண்ணினர்.

ஆயினும் அப்பூச்சி தொழுவதில்லை. இரையை எதிர்நோக்கி நிற்கின்றது. மடக்கிய முன்னங்கால்களின் உட்புறத்தே வாளரத்தின் பற்கள் போன்ற கூரிய முட்கள் வரிசையாக உள்ளன. ஈயோ, வெட்டுக்கிளியோ எட்டும் தொலைவில் வந்தமர்ந்தால், கைகள் இமைப்பொழுதிலும் விரைந்து நீண்டு மடங்கும். இரை முட்களின் இடையே சிக்கிக்கொள்ளும். கூடாநட்பினைக் கடிந்துரைக்கும் வள்ளுவர், பகைவர் கூப்பிய கைக்குள்ளும் கொலைக்கருவி மறைந்திருத்தல் கூடும் என்று எச்சரித்தார். அவ்வெச்சரிக்கைக்குக் கும்பிடுபூச்சியை எடுத்துக்காட்டுவார் உண்டு. ஒன்றை மட்டும் அவர்கள் மறந்துவிடுகின்றனர். அடியவர் போல் நடிக்க வேண்டும் என்று அப்பூச்சி எண்ணியதில்லை. அதற்கு அவ்வேடம் புனைந்தவன் மனிதன். பின்னர் வேடதாரி என்று பழித்தவனும் அவனே.

உலகில் ஏறத்தாழ 2,400 வகைக் கும்பிடுபூச்சிகள் உள என்பர். அவற்றின் உடலமைப்பு நோக்குதற்கு இனியது. முக்கோண வடிவான தலை. அதன் இரு கோணங்களிலும் புடைத்து நிற்கும் பெருங்கண்கள். அவற்றின் இடையே நெற்றியில் மூன்று சிறுகண்கள். பிற பூச்சிகள் தம் தலையைப் பெரிதும் திருப்ப மாட்டா. இதுவோ மெல்லிய கழுத்தைத் திருப்பித் தன் தோளுக்குப் பின்னால் நிற்பவரையும் நோக்கவல்லது. இரை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை இரு கண்களாலும் ஒருங்கே அளந்து அறியும் ஆற்றலும் இதற்கு உண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மிகச் சிறிய மூக்குக்கண்ணாடிகளைச் செய்து, தேன்மெழுகால் இதன் முகத்தில் ஒட்டி, திரையிற் படங்களைக் காட்டி, இவ்வாற்றலை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மூக்குக்கண்ணாடி அணிந்த பூச்சி, திரையில் நகர்ந்த புள்ளியை மெய்யான இரையென்று கருதிக் கை நீட்டிற்றாம்!

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்தார். நண்டினையும் தும்பியினையும் நான்கறிவுயிர்களுள் வைத்தார். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் என்னும் நான்கும் அவற்றுக்கு உண்டு. கேட்டல் இல்லை என்பது கருத்து. கும்பிடுபூச்சிக்கும் செவியில்லை என்றே அறிவியலாரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1986-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், இதற்குச் செவி உண்டு என்றும், அதுவும் ஒன்றே ஒன்று என்றும், தலையில் அமையாது மார்பின் அடிப்பகுதியில் நடுவே அமைந்துள்ளது என்றும் கண்டுரைத்தனர். மனிதர் செவிக்கு எட்டாத மிக நுண்ணிய ஒலியையே அச்செவி கேட்கும். இரவில் பறக்கும்போது வௌவால் எழுப்பும் ஒலியைக் கேட்டு, இப்பூச்சி தன் வழியை மாற்றித் தப்பும். ஊர்தோறும் காணப்படும் ஓர் உயிரின் செவியை அறிவதற்கே உலகிற்கு இத்துணைக் காலம் வேண்டியிருந்தது.

இத்தகைய பூச்சியின் வாழ்வினை முழுதும் அறிய விரும்புவோர், முட்டையிலிருந்து தொடங்குதல் வேண்டும். தாய்ப்பூச்சி மரக்கொம்பிலோ, செடியின் தண்டிலோ, சுவரின் ஓரத்திலோ தலைகீழாக அமர்ந்து நுரையொன்றை வெளியிடும். அந்நுரையினுள்ளே முட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கும். சிறிது நேரத்தில் நுரை இறுகிப் பழுப்பு நிறக் கூடாகும். வெயிலும் மழையும் எளிதில் உட்புகாதபடி அக்கூடு முட்டைகளைக் காக்கும். இனத்திற்கேற்ப ஒரு கூட்டினுள் சில பத்து முட்டைகளோ சில நூறு முட்டைகளோ இருக்கும். குளிர் மிகுந்த நாடுகளில் முட்டைகள் பனிக்காலம் முழுதும் கூட்டினுள்ளே கிடந்து, வெப்பம் வந்தபின் பொரிக்கும். நம் நாடு போன்ற வெப்ப நாடுகளிற் சில வாரங்களே போதும்.

கூடு பொரியும் காட்சி காண்பதற்கு அரியது. வெயில் ஏறும் வேளையில், கூட்டின் நடுவரிசையிலுள்ள சிறு வாயில்கள் வழியே, துணியால் இறுகச் சுற்றியது போன்ற மெல்லிய தோற்போர்வையுடன் இளம்பூச்சிகள் நெளிந்து வெளிவரும். வந்தவை நுண்ணிய இழைகளால் தொங்கிக்கொண்டே அப்போர்வையைக் கிழித்து விலக்கும். பின்னர்க் கால்கள் விடுபடும், உணர்கொம்புகள் நீளும். சிறிது நேரம் கழிந்ததும், கொசுவின் அளவினவாகிய அச்சிற்றுயிர்கள், தாயைப் போன்றே முன்னங்கைகளை மடக்கிக் கும்பிட்டு நிற்கும்! வண்ணத்துப்பூச்சியின் இளமை புழு. ஈயின் இளமையும் புழு. கும்பிடுபூச்சிக்கோ புழுப்பருவமும் இல்லை. கூட்டுப்புழுப் பருவமும் இல்லை. இறகு ஒன்று நீங்கலாக, பிறக்கும்போதே அது தாயின் வடிவினதாய்ப் பிறக்கின்றது.

இவ்விளம்பூச்சியை எப்பெயரால் அழைப்பது? இளமைப் பெயர்களைத் தொகுத்துரைத்த தொல்காப்பியர், பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டையும் பறப்பனவற்றின் இளமைக்கு உரியன என்றார். தவழ்வனவற்றிற்கும் அவை பொருந்தும் என்றார். கும்பிடுபூச்சி இளமையில் தவழ்வது, முதிர்ச்சியில் பறப்பது. ஆகலின் இரு வகையானும் அப்பெயர்கள் இதற்குப் பொருந்தும். ஆயினும் பிள்ளைப்பூச்சி என்பது ஈரமண்ணைத் துளைத்து வாழும் வேறொரு பூச்சிக்கு வழக்கில் அமைந்துவிட்டமையால், இதனைப் பார்ப்பு என்பதே தெளிவுடைத்து. பெயர் சிறிதாயினும் பொருள் சிறிதன்று. பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் ஓருயிரை அழைத்தவர், அதன் பசியை அறியாதிருத்தல் தகாது.

பார்ப்புகளுக்குப் பிறந்த நாள்முதல் பகை பல. எறும்புகள் கூட்டைச் சூழ்ந்து நின்று, வெளிவரும் பார்ப்புகளை இழுத்துச் செல்லும். பல்லியும் ஓணானும் சிலந்தியும் பறவையும் அவற்றைத் தேடித் தின்னும். பிறவாமுன்னரே அழிப்பனவும் உள. ஊசி போன்ற நீண்ட உறுப்புடைய ஒருவகைச் சிறு குளவி, கூட்டைத் துளைத்துத் தன் முட்டையை உள்ளே இட்டுவிடும். அக்குளவியின் புழு, கும்பிடுபூச்சியின் முட்டையைத் தின்று வளரும். நூற்றுக்கணக்கில் பிறந்தவற்றுள் ஒன்றிரண்டே முதிர்ந்து இறகு பெறுகின்றன. அவ்வொன்றிரண்டும் பிழைத்தற்பொருட்டே தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகின்றது போலும்!

இப்பூச்சியினத்தின் வாழ்வை வீட்டிலேயே வைத்து ஆராய்ந்து உலகிற்கு உரைத்தவருள் தலைசிறந்தவர் ழான் ஆன்றி ஃபாபர் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1823-ஆம் ஆண்டில் வறிய உழவர் குடியிற் பிறந்த இவர், பல்லாண்டு பள்ளியாசிரியராய்ப் பணியாற்றினார். 1879-ஆம் ஆண்டில் புரோவென்சு நாட்டில் செரிஞான் என்னும் சிற்றூரில் வீடொன்றும் அதனை ஒட்டிய நிலமும் வாங்கினார். கல்லும் முள்ளும் நிறைந்து, எதற்கும் பயன்படாதென்று பிறர் கைவிட்ட நிலம் அது. பூச்சிகளுக்கு அதனினும் சிறந்த இடம் இல்லை என்று கண்டு, 1915-ஆம் ஆண்டில் உலக வாழ்வை நீக்கும்வரை அங்கேயே இருந்தார். பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. ஒப்பற்ற நோக்காளர் என்று டார்வின் அவரைப் பாராட்டினார்.

சமையலறையில் உணவை ஈ மொய்க்காதபடி மூடிவைக்கும் கம்பிவலைக் கவிப்புகளே ஃபாபர் கும்பிடுபூச்சிகளுக்கு அமைத்த இல்லங்கள். மணல் நிரப்பிய தட்டின்மேல் உலர்ந்த செடியொன்றையும், முட்டையிடுதற்குத் தட்டைக் கல்லொன்றையும் வைத்து, அதன்மேல் கவிப்பைக் கவிழ்ப்பார். உள்ளிருந்த பெரும்பூச்சிகளின் பசியோ பெரிது. நாள்தோறும் வெட்டுக்கிளிகள் வேண்டும். அவற்றைப் பிடித்து வருதற்கு அண்டை வீட்டுச் சிறுவரை அவர் ஏவினார்; கூலியாக ரொட்டித் துண்டும் முலாம்பழக் கீற்றும் தந்தார். காலையும் மாலையும் சிறுவர் புல்வெளியைச் சுற்றி வந்து, உயிருள்ள வெட்டுக்கிளிகளைக் கூண்டுகளில் நிரப்பித் தருவர். உலகம் போற்றும் ஆராய்ச்சி ஒன்று, முலாம்பழக் கீற்றின் துணையால் நடைபெற்றது என்பது நினைந்து இன்புறத் தக்கது.

கும்பிடுபூச்சியின் கூடு, குளிரால் விரல்கள் வீங்கும் நோய்க்கும் பல்வலிக்கும் மருந்தென்று அந்நாட்டு மக்கள் நம்பினர். ஃபாபர் விரல்வீக்கத்திற்கு அதனைத் தம்மிடத்தும் தம் குடும்பத்தாரிடத்தும் பூசிப் பார்த்துப் பயனில்லை என்று கண்டார். பிறர் சொல்லைக் கேட்டவுடன் நம்புதலும், கேட்டவுடன் இகழ்தலும் ஆராய்வோர்க்கு ஆகா. செய்து பார்த்துத் தெளிதலே அவர்க்கு உரியது.

பெரும்பூச்சிகளை எளிதில் வளர்த்த அப்பெரியார்க்குப் பார்ப்புகளை வளர்த்தல் மட்டும் கைகூடவில்லை. கூடு பொரிந்ததும் பார்ப்புகளை எடுத்து வந்து அவற்றிற்கு உணவு தேடினார். இளந்தளிரில் மொய்க்கும் அசுவினிப் பூச்சிகளை வைத்தார்; பார்ப்புகள் தீண்டவில்லை. மிகச் சிறிய கொசுவினங்களை விட்டார், அவற்றையும் ஏற்கவில்லை. ஈயைத் துண்டு துண்டாக்கி வைத்தார், பயனில்லை. ஒருகால் இளமையில் இலையுணவு கொள்ளுமோ என்று ஐயுற்று, கீரையின் மெல்லிய குருத்தினை வைத்தார். மலர்மேல் தேன்துளியும் தெளித்துப் பார்த்தார். எதனையும் உண்ணாமல், ஒன்றன்பின் ஒன்றாக அனைத்தும் பசியால் மடிந்தன. அத்தோல்வியை அவர் மறைக்கவில்லை. தாம் வைத்த உணவுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, ஒன்றும் பயன்படவில்லை என்று தம் நூலிலேயே எழுதிவைத்தார். வெற்றியை எழுதுதல் யார்க்கும் எளிது. தன் கையிலே மடிந்த உயிர்களின் கணக்கை ஒளியாது எழுதுதற்கு உள்ளத் தூய்மை வேண்டும்.

பார்ப்புகளுக்கு ஏற்ற உணவைப் பிற்காலத்தார் கண்டனர். அது தேடியலைய வேண்டாத எளிய பொருள். கனிந்த வாழைப்பழத்தை வந்து மொய்க்கும் சிறிய பழ ஈயே அது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த ஈயை முதலில் புகழ்பெறச் செய்தவர் வேறொரு துறையினர். அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தாமசு அண்டு மார்கன் என்பார், பால்புட்டிகளில் வாழைப்பழக் கூழை இட்டு ஆயிரக்கணக்கான பழ ஈக்களை வளர்த்தார். பெற்றோரின் இயல்பு மக்களுக்கு எவ்வாறு வருகின்றது என்பதை அவற்றின்வழி ஆராய்ந்தார். செந்நிறக் கண்களையுடைய ஈக்களிடையே வெள்ளைக் கண் ஈயொன்று 1910-ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்தது. அதனைப் பற்றிச் சென்ற ஆராய்ச்சி அவருக்கு 1933-ஆம் ஆண்டில் நோபெல் பரிசினைப் பெற்றுத் தந்தது. அவ்வாராய்ச்சிக் கூடத்தில் இறகு சுருங்கிய ஈக்களும் தோன்றின. பறக்கமாட்டாத அவ்வகை ஈக்களே இன்று பல நாடுகளில் கும்பிடுபூச்சிப் பார்ப்புகளுக்கு இரையாக வளர்க்கப்படுகின்றன. ஓர் ஆராய்ச்சிக்கு வளர்த்தது வேறொரு பசிக்கு உணவாயிற்று.

நம் ஊர்களில் பழ ஈயை விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. நன்கு கனிந்த வாழைப்பழத் துண்டொன்றை அகன்ற வாயுடைய கண்ணாடிப் புட்டியில் இட்டு, ஓரிரு நாள் திறந்து வைத்தால் ஈக்கள் தாமே வந்தடையும். பின்னர் மெல்லிய துணியால் புட்டியின் வாயைக் கட்டிவிடல் வேண்டும். ஈக்கள் பழத்தில் முட்டையிடும். முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ 10 நாளில் புதிய ஈக்கள் வெளிவரும். ஒரு புட்டி தீருமுன் மற்றொன்றைத் தொடங்குவோர்க்கு உணவு குறைவுபடாது. கும்பிடுபூச்சி வளர்ப்போர் முதலில் வளர்க்க வேண்டியது பழ ஈயை என்பதை மறத்தல் கூடாது. விருந்தினரை அழைத்துவிட்டு அரிசி வாங்கச் செல்லும் இல்லத்தார் நிலை அவர்க்கு வரலாகாது.

இனி, உறையுள் அமைக்கும் முறையைக் காண்போம். பார்ப்புகள் பிறந்த சில நாள் ஒருங்கு வாழ்தல் கூடும். பசி மிகுந்தால், உடன்பிறந்தது என்றும் பாராது ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். ஆகலின் ஒரு புட்டிக்கு ஒரு பார்ப்பு என்று பிரித்து வைத்தலே நன்று. புட்டியின் வாயைத் துணியால் கட்டிக் காற்றுப் புகச் செய்தல் வேண்டும். உள்ளே மெல்லிய குச்சியொன்றைச் சாய்த்து வைக்க வேண்டும். புட்டியின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல் மும்மடங்காயினும் இருத்தல் வேண்டும். நேர்வெயிலில் வைத்தல் ஆகாது. கண்ணாடிக்குள் வெப்பம் மிகுந்து பார்ப்பு மடியும். புட்டிகள் உள்ள பலகையின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினால், எறும்பு ஏறாது. சமையலறையில் பலகாரத்தைக் காக்கும் அன்னையர் அறிந்த உத்தியே அது.

பார்ப்புக்கு நீர் வேண்டும். கிண்ணத்தில் வைக்கும் நீரோ வேண்டா, அதில் விழுந்து இறந்துவிடும். நாள்தோறும் ஒருமுறை, புட்டியின் உட்புறத்தில் பனித்துளி போல நீரை மெல்லத் தெளித்தால், அது துளியைப் பருகும். இரை, பார்ப்பின் உடலினும் சிறியதாக இருத்தல் வேண்டும். முதற்பருவத்தில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று பழ ஈக்கள் போதும். வளர வளர வீட்டு ஈயும், சிறு வெட்டுக்கிளியும் தரலாம். முதிர்ந்த பூச்சிக்கு இரண்டு மூன்று நாட்கு ஒருமுறை உணவு தந்தால் அமையும். பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் பிடித்த இரையைத் தருதல் நஞ்சூட்டுதலே ஆகும். வயிறு ஒட்டியிருப்பின் பசி, பருத்திருப்பின் நிறைவு. வாய்பேசா உயிரின் பசியை வயிற்றைக் கண்டே அறிதல் வேண்டும்.

வளர்ச்சியில் இடர் மிகுந்த காலம் தோலுரிக்கும் காலம். பூச்சியின் புறத்தோல் உடலோடு வளர்வதில்லை. ஆகவே, சிறுத்துப்போன சட்டையைக் கழற்றுவது போல, அதனை உரித்து எறிந்துவிட்டே அது வளர்கின்றது. இனத்திற்கேற்ப ஆறேழு முறையோ அதனினும் மிகுதியாகவோ தோலுரிக்கும். அதற்கு முன் ஓரிரு நாளோ சில நாளோ உண்ணாது; குச்சியிலோ மூடிய துணியிலோ தலைகீழாகத் தொங்கும். நோயுற்றதோ என்று அஞ்சி அதனைத் தொடுவோர் கேடு செய்வோரே. தொங்கும் பிடி நழுவிக் கீழே விழுந்தால், ஈரமான புதுத்தோல் கோணி, கால்கள் வளைந்து, உடல் பயனற்றுப் போகும். உயிருள்ள இரையையும் அப்போது உள்ளே விடல் ஆகாது. தோலுரித்த உடம்பு இறுகும்வரை அதற்குத் தன்னைக் காக்கும் வலிமை இல்லை. இழந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்பில் சிறிது சிறிதாக மீண்டும் முளைத்தலும் உண்டு. இக்காலத்தில் வளர்ப்போர் செய்யத்தக்க உதவி ஒன்றே. அருகில் செல்லாது காத்திருத்தல்.

இவ்வாறெல்லாம் வளர்க்குங்கால், இரக்கமுள்ள நெஞ்சில் ஓர் ஐயம் எழாமல் இராது. ஓருயிரைக் காத்தற்பொருட்டு நாள்தோறும் பல உயிர்களை அதன் முன் விடுதல் அறமாகுமோ என்பதே அது. கொல்லாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த நாட்டில், இவ்வையம் எழாதிருப்பின் அன்றோ வியப்பு! புதரில் வாழும் கும்பிடுபூச்சியும் ஈயைத் தின்றே வாழ்கின்றது. அஃது அதன் இயற்கை. அதற்கு நெல்லும் புல்லும் உணவாகா. ஆயின், புதரில் ஈ தானே வந்தமர்ந்தது. தப்பிப் பறத்தற்கு வானமும் இருந்தது. புட்டியிலோ, அதனை உள்ளே விட்டது மனிதன் கை. இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

இதற்கு யாவர்க்கும் பொருந்தும் விடை இல்லை. கூட்டைக் கொண்டுவந்து வைத்து, அது பொரிவதைக் கண்டு மகிழ்ந்து, அன்றே பார்ப்புகள் அனைத்தையும் செடிகளில் விட்டுவிடுவோர் உளர். அவர் கண்டதும் குறைவன்று, கற்றதும் குறைவன்று. ஒன்றிரண்டை மட்டும் வைத்து வளர்ப்போரும் உளர். அவர் சில வரம்புகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். பசிக்கு மேல் இரை விடலாகாது. இரை துடிப்பதைக் காட்டிக் கூட்டம் சேர்த்து விளையாடலாகாது. தம்மால் பேண இயலும் அளவிற்கு மேல் ஒன்றையும் அடைத்து வைக்கலாகாது. எல்லாவற்றினும் கொடியது மறதி. புதரில் இரை கிடைக்காத பூச்சி வேறு கிளைக்குச் செல்லும். புட்டியில் அடைபட்டதற்குச் செல்லுமிடம் இல்லை. விளையாட்டு மிகுதியால் இரண்டு நாள் மறந்துவிட்ட சிறுவன், மூன்றாம் நாள் உலர்ந்த உடலையே காண்பான். உயிரொன்றை அடைத்து வைத்த கணமே, அதன் பசி அடைத்தவனுடைய கடனாகிவிடுகின்றது. அக்கடனை அறிந்தவனே வளர்த்தற்கு உரியவன்.

விடுதலை செய்தற்கும் முறை உண்டு. எவ்விடத்திலிருந்து கூட்டை எடுத்தோமோ, அவ்விடத்தருகே விடுதல் வேண்டும். பிறநாட்டுக் கும்பிடுபூச்சியைக் கொணர்ந்து நம் தோட்டத்தில் விடுதல் ஆகாது. ஐரோப்பாவிற்குரிய கும்பிடுபூச்சி, அமெரிக்காவில் நியூயார்க்கு மாநிலத்து ராச்செஸ்டர் நகரருகே 1899-ஆம் ஆண்டில் காணப்பட்டது. செடிகளோடு கலந்து சென்ற கூடுகளிலிருந்து அது பரவியது என்பர். இன்று அந்நாட்டில் அது பலவிடத்தும் வாழ்கின்றது. பயிரை அழிக்கும் பூச்சிகளை உண்ணும் என்று கருதி, தோட்டக்காரர் கும்பிடுபூச்சிக் கூடுகளை விலைக்கு வாங்கித் தோட்டத்தில் வைப்பதும் அங்கே உண்டு. ஆனால் இப்பூச்சி, உழவனுக்கு நண்பன் எது, பகைவன் எது என்று பார்ப்பதில்லை. கம்பளிப்புழுவையும் தின்னும், தேனீயையும் தின்னும். ஆகவே, அந்தந்த நாட்டுப் பூச்சி அந்தந்த நாட்டிலேயே வாழ்தல் நலம்.

இறுதித் தோலுரிப்பு முடிந்ததும் பூச்சியின் முதுகில் இறகுகள் விரியும். முதலில் கசங்கிய துணிபோல் சுருண்டிருக்கும் அவை, சிறிது நேரத்தில் நீண்டு இறுகி உடலின்மேல் படியும். பிறந்தபோது கொசுவின் அளவாயிருந்தது, இப்போது விரலின் நீளத்தை எட்டியிருக்கும். இனிமேல் அதன் வாழ்நாள் சில திங்களே. அக்காலத்துள் அது துணை தேட வேண்டும். தாயாயின் கூடமைத்து முட்டையிட வேண்டும். அதனைப் புட்டியிலேயே வைத்திருத்தல், வளர்த்ததன் பயனை வளர்த்தவரே அழித்தலாகும். மாலை வேளையில் புட்டியைச் செடியருகே கொண்டுசென்று வாயைத் திறந்துவைத்தால், பூச்சி உடனே பறந்தோடாது. விளிம்பில் ஏறி நிற்கும். தலையைத் திருப்பி இருமருங்கும் நோக்கும். உடலை மெல்ல அசைக்கும். பின்னர் ஒரு கிளையைப் பற்றி இலைகளினிடையே மறையும்.

வளர்த்தவர்க்கு அது நன்றி கூறாது. மீண்டும் வந்து பாராது. நாயும் பசுவும் காட்டும் அன்பை அதனிடம் எதிர்பார்த்தல் அறியாமை. பயன் கருதாது ஓருயிரைப் பேணும் பழக்கமே அதனால் வரும் பயன். நாள்தோறும் நீர் தெளித்த கையும், பசியை நோக்கிய கண்ணும், தோலுரிக்கும்போது தொடாது காத்த பொறுமையும் வளர்த்தவரிடமே நின்றுவிடும். அவற்றைப் பெற்ற சிறுவன், நாளை வேலியோரத்தில் பழுப்பு நிறக் கூடொன்றைக் காணும்போது, மண்கட்டியென்று கருதிக் கல்லால் தட்டமாட்டான். அதனுள்ளே நூறு பார்ப்புகள் கதிரவனின் வெப்பத்திற்குக் காத்திருக்கின்றன என்பதை அறிந்து, அக்கிளையை ஒடிக்காமல் கடந்து செல்வான்.